வெண்காட்டிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தமாக அடிக்கடி ஐரோப்பா போய்வருகிறேன். பாரிஸ், ஃபுளோரன்ஸ், ஆம்ஸ்டர்டாம் என்று போன ஊரிலெல்லாம் கலை அருங்காட்சியகங்களைத் தேடித்தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் நம் நாட்டில் நான் பார்த்த ஒரே மியூசியம், ஏழாம் வகுப்பில் பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்துப்போய்க் காட்டிய எழும்பூர் மியூசியம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தவிர எதுவும் நினைவில்லை. மனைவியையும் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இந்தியாவின் கலை அருங்காட்சியகங்களைப் பார்க்க ஆசைப்படுகிறேன். எங்கே போகலாம்? நல்ல விளக்கப் பலகைகூட இல்லாத இடங்களில் எதை, எப்படிப் பார்ப்பது? சிலை பார்க்கக் கோயில் போதாதா என்று மனைவி கேட்கிறாள். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

கே., திருப்பூர்

அன்புள்ள கே,

உங்கள் மனைவியின் கேள்விதான் முதலில் பதில் சொல்ல வேண்டியது. கற்சிற்பத்துக்குக் கோயில் போதும், பல சமயம் கோயில்தான் சரியான இடம். உலோகத்தில் வார்த்த தெய்வச்சிலையான செப்புத்திருமேனிக்குப் போதாது. கோயிலில் உற்சவர் பட்டும் மாலையும் நகையும் சந்தனமுமாக இருப்பார். முகமும் கைகளும்தான் தெரியும். வழிபாட்டுக்கு அது முறை, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் சோழர்காலத்து ஸ்தபதி முழு உடலையும் செய்திருக்கிறார். தோள் இறங்கும் சரிவு, இடை ஒசியும் இடம், முதுகுத்தண்டின் பள்ளம் எல்லாவற்றையும். அந்த முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே உங்கள் முதல் பயணம் டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ வேண்டாம். தஞ்சாவூருக்குப் போங்கள். அரண்மனை வளாகத்தில் இருக்கும் கலைக்கூடம் 1951இல் தொடங்கப்பட்டது. உலகத்தில் எந்த நகரத்தில் இருந்தாலும் அந்த நகரத்தின் பெருமையாகக் கொண்டாடப்பட்டிருக்கக்கூடிய சிலைகள் அங்கே இருக்கின்றன. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனை, தேடிப் போய் நில்லுங்கள். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டில், 1011இல், எழுந்தருளச் செய்யப்பட்டவர். பெரிய கோயில் முடிந்ததற்கு மறு வருடம். பக்கத்தில் நிற்கும் அம்மன் அதற்கும் அடுத்த வருடத்தில் வந்தவள். சிவனுக்கு இங்கே இரண்டே கைகள். கையில் மானும் இல்லை, மழுவும் இல்லை. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, அதில் பாம்புகளை நெளியவிட்டு, காலை மாற்றி வைத்து, காளையின் மேல் கையைச் சாய்த்து நிற்கிறார். ஆனால் காளை இல்லை. வெறும் காற்றின் மேல்தான் அந்தக் கை இருக்கிறது. சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தோளின் சாய்விலிருந்தும் விரல்களின் தளர்விலிருந்தும் காளையின் உயரம் என்ன, திமில் எங்கே என்பதுகூடத் தெரிய ஆரம்பிக்கும். உடலின் கனத்தை உலோகத்தில் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன இன்னொரு சிற்பத்தை நான் பார்த்ததில்லை. ஃபுளோரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையைப் பார்த்த கண்ணோடு இவரைப் பாருங்கள், தயக்கமே வேண்டாம்.

இது செய்யப்பட்ட முறையையும் மகளுக்குச் சொல்லுங்கள். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அந்த மெழுகில் முதலில் முழுச் சிலையையும் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல்மண்ணைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசுவார்கள். சூடுகாட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு போய்விட்டது, ஆகவே அதேபோல இன்னொன்று கிடையாது. உள்ளே பொள்ளல் இல்லாத கனவார்ப்பு என்பதால் ஊற்றும்போது தவறு நேர்ந்தால் அத்தனை நாள் வேலையும் வீண்தான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் இன்றைக்கும் இந்த வேலை நடக்கிறது. பட்டறைகளில் கேட்டுக்கொண்டு பார்க்கலாம்.

இங்கேதான் நம் மியூசியங்களுக்கும் நீங்கள் பார்த்தவற்றுக்கும் பெரிய வேறுபாடு வருகிறது. பாரிஸின் லூவர் மியூசியத்தில் எகிப்தும் கிரேக்கமும் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைப் புரியவைக்கப் பலகை வேண்டும், ஒலிவழிகாட்டி வேண்டும். தஞ்சைக் கலைக்கூடத்துச் சிலைகளுக்கு விளக்கம் அக்கம்பக்கத்து மண்ணிலேயே இருக்கிறது. யானையை உரித்த சிவனைக் கருங்கல்லில் அங்கே பார்ப்பீர்கள். அவர் தாராசுரத்துக்காரர், அந்தக் கோயில் கும்பகோணம் போகும் வழியில். ரிஷபவாகனரின் ஊரான திருவெண்காடு சீர்காழிக்கும் பூம்புகாருக்கும் பக்கத்தில். ஒரே பகலில் மூன்று ஊரும் பார்க்க முடியும். மியூசியத்தையும் அதன் பொருள்கள் பிறந்த இடத்தையும் ஒரே பயணத்தில் பாருங்கள். இந்தியாவில் எங்கே போனாலும் நான் சொல்வது இதைத்தான். பலகையில்லாத குறை பாதி தீர்ந்துவிடும்.

இரண்டாவதாக எழும்பூருக்கே திரும்பப் போங்கள். உங்களுக்கு எலும்புக்கூடு மட்டும் நினைவிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1851இல் அது கலைக்காகத் தொடங்கப்படவில்லை, பாறைகளையும் கனிமங்களையும் வைத்துத் தொடங்கப்பட்டது. பாடம்செய்த விலங்குகள் நிறைந்திருந்ததால்தான் மெட்ராஸ்வாசிகள் அதைச் செத்த காலேஜ் என்றார்கள். கலை பின்னால் வந்து சேர்ந்தது. இந்தமுறை விலங்குகள் பக்கம் போகாமல் இரண்டு இடங்களுக்கு மட்டும் போங்கள். செப்புத்திருமேனிகளின் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி இருக்கிறார். தஞ்சையில் பார்த்த ரிஷபவாகனரின் ஊர்க்காரர்தான். ஒரே உடலின் ஒரு பாதி ஆண், மறுபாதி பெண். அந்த இரண்டும் சேரும் கோடு எங்கே என்று தேடிப் பாருங்கள், ஸ்தபதி அதைக் கண்ணுக்குக் காட்டவே மாட்டார். திருவாலங்காட்டு நடராஜரும் அங்கேதான் இருக்கிறார்.

மற்றது அமராவதி. கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்த ஸ்தூபத்தின் சுண்ணாம்புக்கல் பலகைகள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி காலின் மெக்கன்சி அங்கே போனபோதே கட்டடம் கட்டக் கல் வேண்டுமென்று ஸ்தூபத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். 1845இல் மெட்ராஸ் அரசின் அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்தவற்றில் பெரும்பகுதி பின்னர் லண்டனுக்குப் போய்விட்டது. ஆனாலும் சென்னையில் இருப்பது மிகப்பெரிய செல்வம். அங்கே ஒரு வட்டப் பலகையில் நளகிரியின் கதை இருக்கிறது. மதம்பிடித்த யானையைப் புத்தரின் மேல் ஏவிவிடுகிறார்கள். வட்டத்தின் ஒரு பக்கம் யானை தெருவில் ஆளைத் தூக்கி வீசுகிறது, பெண்கள் பயந்து ஒண்டுகிறார்கள், மாடி ஜன்னல்களில் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. மறுபக்கம் அதே யானை புத்தரின் காலடியில் மண்டியிட்டிருக்கிறது. ஒரே வட்டத்துக்குள் ஒரே யானை இரண்டு தடவை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சிற்பி காலத்தை இப்படிக் கல்லுக்குள் மடக்கிவைத்திருக்கிறார். சித்திரக்கதை படிக்கும் வயதில் இருக்கும் உங்கள் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியதே இருக்காது.

வடக்கே போனால் சாரநாத். நான் சொன்ன விதிக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அசோகரின் சிங்கத்தூணின் தலைப்பகுதி மியூசியத்தில். உடைந்த தூணின் அடிப்பகுதி நடந்து போகும் தூரத்தில், இடிபாடுகளுக்கு நடுவே, அது நின்ற இடத்திலேயே. தினமும் ரூபாய் நோட்டில் பார்த்துப் பழகிய சிங்கங்கள்தான். ஆனால் நேரில் நம்மை நிறுத்துவது அந்தச் சுனார் மணற்கல்லின் மெருகு. இரண்டாயிரத்து இருநூறு வருடம் கழித்தும் வெளிச்சம் அதில் வழுக்குகிறது. அதைப் பார்த்ததும் வெளியே வந்துவிடாதீர்கள். குப்தர் காலத்துப் புத்தர் ஒருவர் அறம் உரைக்கும் கைகளோடு உள்ளே இருக்கிறார். எனக்குச் சிங்கங்களைவிட அவரே பெரியவர். அந்த மெருகை இன்னொரு தடவை பார்க்க ஆசை வந்தால் பாட்னாவுக்குப் போய் பீகார் மியூசியத்தில் திதார்கஞ்ச் யட்சி என்னும் பெண் சிலையைப் பாருங்கள். 1917இல் கங்கைக்கரையில் கிடைத்தவள், கையில் சாமரம். இவள் ஒருத்திக்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.

ஓவியம் வேண்டுமென்றால் டெல்லி நவீன கலைக்கூடம். 1954இல் ஜெய்ப்பூர் ஹவுஸில் தொடங்கப்பட்டது. பாரிஸைப் பார்த்த உங்களுக்கு அங்கே பேச ஒருத்தி இருக்கிறாள். அம்ரிதா ஷெர்கில் பாரிஸில் படித்துவிட்டு 1934இல் இந்தியா திரும்பினார். அஜந்தாவைப் பார்த்தார், அங்கிருந்து தெற்கே குமரிமுனை வரைக்கும் வந்தார். அந்தப் பயணத்துக்குப் பிறகு, 1937இல், 'பிரம்மச்சாரிகள்' ஓவியத்தை வரைந்தார். வெள்ளை வேட்டியும் பூணூலுமாக உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளின் நிறமும் அமைதியும் பாரிஸில் கற்றதில்லை, அஜந்தாவின் சுவர்களிலிருந்து வந்தவை. 28 வயதில் இறந்துபோனார்.

அகமதாபாத் காலிகோ மியூசியத்தைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். நீங்கள் திருப்பூர்க்காரர் என்பதால் கட்டாயம் போக வேண்டிய இடம். கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசாமியின் யோசனையில் சாராபாய் குடும்பம் 1949இல் தொடங்கியது. முழுக்க முழுக்கத் துணிதான். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தை முதல் சுற்றில் சேர்க்க வேண்டாம். ஒருவர் ஆசையாகச் சேர்த்த உலகம் அது, கண் எதிலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். சென்னையில் இன்னும் அரை நாள் கிடைத்தால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்துக்குப் போங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் துணி விற்ற காசில் இடம் வாங்கிக் குடியேறிய ஓவியர் கிராமம். நம் காலத்து மெட்ராஸ் ஓவியர்களையும் சிற்பிகளையும் அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

மகள் விஷயம். ஒரு நாளைக்கு ஒரு கூடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். பிடித்த சிலை ஒன்றை அவளே தேர்ந்தெடுத்து வரையட்டும், அது முடியும்வரை நீங்கள் இருவரும் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் இருங்கள். வரைகிற பிள்ளை பார்க்கிற அளவுக்குப் பலகை படிக்கிற பெரியவர்கள் பார்ப்பதில்லை.

எழும்பூருக்கும் சாரநாத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, டெல்லிக்குத் திங்கட்கிழமை. சில கூடங்களைப் பராமரிப்புக்காக மூடியிருப்பார்கள், கிளம்புவதற்கு முன்னால் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். தஞ்சையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். உங்கள் மனைவி என்ன சொன்னார் என்பதையும்.

அன்புடன்.