விசாரணை நடக்கும்போதே நீதிபதியை மாற்றிவிட்டார்கள். வழக்கு முதலிலிருந்து தொடங்குமா? மாற்றுவது அரசா, ஹைகோர்ட்டா?

உங்கள் கேள்வியில் இருப்பது இது: பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக்கான பாகப்பிரிவினை வழக்கு, சிட்டி சிவில் கோர்ட்டில். சாட்சி விசாரணை முடிந்து வாதம் நடக்கும்போது நீதிபதி மாறுதலில் போய்விட்டார். சம்பளம் கொடுப்பது அரசு என்பதால், எதிர்த்தரப்பு மேலிடத்தில் சொல்லி மாற்றியிருக்குமோ என்று பயப்படுகிறீர்கள்.

ராயபுரத்தில் வீடு, தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ், பாரிமுனை கோர்ட்டுகளில்தான் பிராக்டிஸ். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பயத்தை விடுங்கள். சம்பளம் தமிழக அரசின் கஜானாவிலிருந்து வருவது உண்மை. ஆனால் கீழமை நீதிபதியை எங்கே உட்கார வைப்பது, எப்போது மாற்றுவது, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எல்லாம் அரசியல் சட்டத்தின் 235ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் கையில் இருக்கிறது. மாவட்ட நீதிபதியை நியமிப்பவர் ஆளுநர். அதையும் 233ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தைக் கலந்துதான் செய்ய முடியும். நியமிக்கிறவருக்கே மாற்றும் அதிகாரமும் உண்டு என்று அசாம் அரசு வாதாடிப் பார்த்தது. ரங்கா முகமது வழக்கில் 1966இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடமாற்றம் உயர் நீதிமன்றத்தின் வேலை என்று முடிவானது.

இங்கே பொது மாறுதல் உத்தரவு பெரும்பாலும் ஏப்ரலில் வரும். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்குக் கோடை விடுமுறை. ஜூனில் புது நீதிபதி வந்து உட்காருவார். ஒரே இடத்தில் ஏறத்தாழ மூன்று வருடம் என்பது வழக்கம். உங்கள் நீதிபதியும் இந்தச் சுற்றில் போனவராகத்தான் இருப்பார். சிட்டி சிவில் கோர்ட்டுக்குள் எந்த வழக்கு எந்த அடிஷனல் ஜட்ஜுக்கு என்று பிரித்துக் கொடுப்பவர் பிரின்சிபல் ஜட்ஜ். இந்த நீதிபதிதான் வேண்டும் என்று வக்கீலோ கட்சிக்காரரோ கேட்டு வாங்க முடியாது.

வழக்கு முதலிலிருந்து தொடங்காது. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 18, விதி 15இன்படி, முந்தைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தைத் தானே பதிவு செய்ததுபோல எடுத்துக்கொண்டு, அவர் விட்ட கட்டத்திலிருந்து புதியவர் தொடரலாம். தீர்ப்பை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தால் ஆர்டர் 20, விதி 2இன்படி புதியவர் அதை வாசிப்பார். வாதம் மட்டும் கேட்டு, தீர்ப்பு எழுதாமல் போயிருந்தால்தான் கஷ்டம், மறுபடி வாதாட வேண்டும். உங்கள் நிலைமை இதுதான். அதனால் உடனே எழுத்துப்பூர்வமான வாதத்தைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். பேசிய வாதம் அந்த நீதிபதியோடு போய்விடும். எழுதியது வழக்குக் கோப்பில் இருக்கும்.

கிரிமினல் வழக்கிலும் ஏறத்தாழ இதே கதைதான். ஆனால் சுருக்க விசாரணையாக (சாட்சியத்தின் சாரத்தை மட்டும் பதிவு செய்யும் முறை) நடந்த செக் பவுன்ஸ் வழக்கில் நீதிபதி மாறினால் விசாரணையைத் திரும்பத் தொடங்க வேண்டும். ஜார்ஜ் டவுனில் செக் கேஸ் வைத்திருக்கும் வியாபாரிகள் இதைத் தங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மாறுதலைவிட எனக்கு வயிற்றெரிச்சலைத் தருவது காலி நாற்காலி. ஆள் போடாத கோர்ட்டை பக்கத்து ஹால் நீதிபதி 'இன்சார்ஜ்' பார்ப்பார். அவருக்குத் தன் லிஸ்டே மலையாக இருக்கும். நம் வழக்கைக் கூப்பிட்டதும் வாய்தா. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று ஆர்டர் 17 சொல்கிறது, ஆனால் நாற்காலி காலியாக இருக்கும்போது அந்த விதியை யாரிடம் போய்ச் சொல்வது? 10 லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. அந்த எண்ணிக்கையை நாடு இன்னும் தொடவில்லை. காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு கோர்ட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்தால் இதன் வலி புரியும்.

சம்பள விஷயத்துக்கு வருகிறேன். பணம் அரசுடையதாக இருந்தாலும் தொகையை அரசு தன் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம், நீதிபதிகளை அரசு ஊழியர்களோடு ஒப்பிடக் கூடாது, அவர்கள் அரசின் இறையாண்மை அதிகாரத்தைச் செலுத்துகிறவர்கள் என்றது. பிறகு நீதிபதிகளின் சம்பளத்தைப் பரிந்துரைக்க ஷெட்டி ஆணையம், அதன் பின் 2017இல் அமைந்த இரண்டாவது தேசிய நீதித்துறை ஊதிய ஆணையம். அதன் பரிந்துரையை 2022 ஜூலையில் நீதிமன்றம் ஏற்று, 1.1.2016 முதல் கணக்கிடச் சொன்னது. பணியில் புதிதாகச் சேரும் சிவில் நீதிபதியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 27,700 ரூபாயிலிருந்து 77,840 ஆனது. மாவட்ட நீதிபதிக்கு 1,44,840. இது ஏன் உங்களுக்கு முக்கியம்? உங்கள் எதிராளி அரசாகவே இருந்தாலும், தீர்ப்பு எழுதுகிறவரின் சம்பளத்திலும் இடத்திலும் அவர் கைவைக்க முடியக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

இப்போது செய்ய வேண்டியது: இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் சி.என்.ஆர். எண்ணை (வழக்குக்கென்று தரும் தனி அடையாள எண்) போட்டு, அடுத்த தேதியையும் கோர்ட் எண்ணையும் பாருங்கள். நாற்காலி நீண்ட நாள் காலியாகவே இருந்தால், வேறு அடிஷனல் ஜட்ஜுக்கு மாற்றித் தரும்படி பிரின்சிபல் ஜட்ஜிடம் மனு போடலாம். ஆள் இருந்தும் இழுத்தால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடும்படி அரசியல் சட்டத்தின் 227ஆம் பிரிவின் கீழ் ஹைகோர்ட்டில் கேட்கலாம். வழக்கு எத்தனை வருடப் பழையது, கட்சிக்காரருக்கு வயது என்ன என்பதையும் அந்த மனுவில் தவறாமல் எழுதச் சொல்லுங்கள்.