ஏற்றத்தில் மூச்சு வாங்கும் இன்ஜின்: டர்போவும் நைட்ரஸும்

ஹட்டன் பக்கத்தில் இருபத்திரண்டு வருடமாக இன்ஜின் கழற்றிப் பூட்டுவதுதான் என் வேலை. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி), நைட்ரஸ் (இன்ஜினுக்குக் கூடுதல் ஒட்சிசன் கொடுக்கும் வாயு) பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கொழும்பில் நன்றாக ஓடும் என் 1000 சிசி கார், நுவரெலியா ஏறும்போது இழுக்கவே மாட்டேன் என்கிறது அண்ணா. இன்ஜின் பழுதா? (கொட்டகலை)

பழுது இல்லை தம்பி, காற்று மெலிசு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிஸ்டன் ஒவ்வொரு தடவையும் அதே அளவு காற்றைத்தான் இழுக்கிறது, ஆனால் அந்தக் காற்றுக்குள் ஒட்சிசன் குறைவு. குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியானது என்பதால் இழந்ததில் சிறிது திரும்பக் கிடைக்கும். அப்படியும் டர்போ இல்லாத இன்ஜின் தன் பலத்தில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் இழந்துவிடும். சின்ன இன்ஜினில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரம்பொடை முடக்குகளில் ஏறும்போது அது நன்றாகவே தெரியும்.

நம்மைப் போன்ற மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. டர்போவுக்கு 1905-லேயே காப்புரிமை பதிந்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பியூக்கி. அமெரிக்காவில் அதை விமான இன்ஜினுக்குப் பொருத்தி 1918-இல் சோதித்தார்கள். அந்த இன்ஜினை லொறியில் ஏற்றி, 4300 மீற்றர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குக் கொண்டுபோய் அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். மெலிந்த காற்றில் போன பலத்தை டர்போ மீட்டுக் கொடுத்தது. கார்களுக்கு அது வந்தது 1962-இல்தான். ரேஸ் பையன்களின் சாமான் என்று இதை ஒதுக்குகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று எளிமையாகச் சொல்ல முடியுமா? ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறேன். (தலவாக்கலை)

சொல்கிறேன் தங்கச்சி. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அதற்கேற்ற எரிபொருளையும் கூட்டலாம், பலம் வரும். அழுத்தினால் காற்று சூடாகும் என்பது உனக்குத் தெரியும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார். அந்தச் சூட்டை இறக்கத்தான் இன்டர்கூலர், பார்வைக்கு ரேடியேட்டர் மாதிரியே இருக்கும்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும், சின்ன டர்போக்களில் இரண்டு லட்சத்தையும் தாண்டும். பெரும்பாலான டர்போக்களில் அதைத் தாங்குவது வெறும் ஒயில் படலம்தான்.

என்னுடையது டொல்பின் வேன், 3எல் இன்ஜின். பழைய டர்போ ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பூட்டலாமா? (நாவலப்பிட்டி)

பூட்டலாம், ஆனால் நான் பூட்ட மாட்டேன். 3எல் என்பது 2.8 லீற்றர் டீசல், டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று செய்தது. டர்போ போட்டதும் சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும். பம்பைத் திருகி டீசலைக் கூட்டினால் பலம் வரும், கூடவே கரும்புகையும் வரும். வருடா வருடம் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாகன வரிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் இருபது நிமிடம் விடாமல் மிதிக்கும்போது முதலில் அடிபடுவது சிலிண்டர் ஹெட்டும் கேஸ்கட்டும்தான். அந்தக் காசுக்கு டீசலைத் தெளிக்கும் நொசில்களைச் சோதித்து, டீசல் பம்பைச் சரி பார்த்து, ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். இழந்த பலத்தில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அப்படியானால் ஜப்பான் 660 சிசி டர்போ கார் வாங்குவது நல்லதா? (ஹட்டன்)

மலைக்கு நல்லது. ஜப்பானில் அந்த வகைக் கார்களுக்கு 64 குதிரைத்திறன்தான் உச்சம் என்று கம்பனிகள் தங்களுக்குள் பேசிவைத்த வரம்பு. டர்போ இல்லாதவை அநேகமாக ஐம்பதை ஒட்டி நிற்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். டர்போ உள்ளது குறைந்த சுற்றிலேயே இழுக்கும், உயரத்தில் களைக்காது. வாங்கும்போது ஒயில் மாற்றிய பதிவு இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பெற்றோல் எதைப் போட வேண்டும் என்பது வாகனக் கையேட்டில் இருக்கும். இன்ஜின் தட்டும் சத்தம் கேட்டால் ஒக்டேன் 92 பெற்றோலை விட்டு 95-க்கு மாறுங்கள்.

இரண்டு வருடத்தில் வேனுக்கு இரண்டாவது டர்போவும் போய்விட்டது. சாமான் சரியில்லையா, என் ஓட்டம் சரியில்லையா? (பண்டாரவளை)

இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் டர்போ தானாகச் சாவது மிகக் குறைவு.

இதே மாதிரி ஒரு வேன் என்னிடம் வந்தது. வேறொரு கராஜில் புது டர்போ பூட்டி நாலே மாதம். காற்று இழுக்கும் பக்கத்து ஹோஸைக் கழற்றி, தண்டின் நுனியை விரலால் பிடித்து ஆட்டினேன். சக்கரம் சுவரில் உரசுகிற அளவுக்கு ஆடியது. அப்புறம் டர்போவுக்கு ஒயில் கொண்டுவரும் ஈர்க்குச்சி கனத்துப் பைப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒயில் தீய்ந்து, அடிப்பிடித்த சர்க்கரைப் பாகு மாதிரிக் கருப்பாக இறுகியிருந்தது. குண்டூசி நுழையத்தான் வழி இருந்தது. டர்போவை மாற்றியவர்கள் பைப்பை மாற்றவில்லை. பழைய ஒன்றைக் கொன்ற அதே பைப் புதியதையும் கொன்றுவிட்டது. அந்த டிரைவர் மாதத் தவணை கட்டுகிற மனிதர். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அதனால் டர்போ மாற்றும்போது ஒயில் பைப்பையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒயிலும் ஃபில்டரும் புதிதாக இருக்க வேண்டும். இன்டர்கூலருக்குள் பழைய சக்கரத்தின் துண்டுகள் இருக்கிறதா என்று கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் ஓட்டத்தில் ஒரு திருத்தம். முழு ஏற்றமும் மிதித்து வந்து, தேநீர்க்கடை வாசலில் நிறுத்திய உடனே சாவியைத் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் புகைப் பக்கத்துச் சக்கரம் கொதித்துக்கொண்டிருக்கும். இன்ஜின் நின்றால் ஒயில் ஓட்டமும் நிற்கும், நின்ற ஒயில் அங்கேயே தீயும். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்துங்கள். காலையில் குளிரில் ஸ்டார்ட் பண்ணிய கையோடு உறுமவிடுவதும் இதே அளவு கெடுதல்.

நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கரும்புகையோடு "உஸ்ஸ்" என்ற சத்தமும் பலக் குறைவும் சேர்ந்து வந்தால், டர்போவைக் குறை சொல்வதற்கு முன்னால் இன்டர்கூலர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். சில நூறு ரூபா கிளிப் ஒன்றோடு முடிந்த வேலைகள் உண்டு.

நைட்ரஸ் பெற்றோல் மாதிரி எரிகிற வாயுவா அண்ணா? படங்களில் நீல நெருப்புக் கக்குகிறதே. (மஸ்கெலியா)

நைட்ரஸ் ஒக்சைட் தானாக எரியாது. அது ஒட்சிசன் சுமந்து வரும் வாயு. காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஒட்சிசன், இதில் 36 சதவீதம். இன்ஜின் சிலிண்டருக்குள் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸைத் தாண்டும்போது அது உடைந்து ஒட்சிசனை விடும். திரவமாக வந்து ஆவியாவதால் உள்ளே போகிற காற்றையும் குளிர்விக்கும். எரிகிறது என்னவோ கூடுதலாகப் போகும் பெற்றோல்தான். அந்தப் பெற்றோல் சரியான அளவில் போகாவிட்டால் பிஸ்டன் உருகும். நைட்ரஸ் வெடித்து இன்ஜின் போனது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை பெற்றோல் பற்றாமல் போன கதைகள்.

அப்படியானால் கம்பளையிலிருந்து நுவரெலியா ஏற நைட்ரஸ் போட்டால்? (கம்பளை)

வேண்டாம் தம்பி. நாலரைக் கிலோ சிலிண்டர் ஒன்று, தொடர்ந்து அடித்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் காலியாகிவிடும். உங்கள் ஏற்றம் ஒரு மணி நேரத்துக்கு மேல். நைட்ரஸ் சில விநாடிகளுக்கானது, அக்சிலேட்டரை முழுதாக மிதித்து, இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 3000-க்கு மேலே இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டியது. குறைந்த சுற்றில் திறந்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும்.

இன்னொன்று, நம் குளிர். 30 பாகை வெப்பத்தில் நைட்ரஸ் சிலிண்டருக்குள் 63 பார் அழுத்தம் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டக் காற்றழுத்தம்). நுவரெலியாவின் 10 பாகையில் அது 40 பாருக்கு இறங்கிவிடும். கொழும்பில் அளந்து வைத்த கலவை இங்கே அப்படியே மாறிப்போகும். அதனால்தான் சிலிண்டருக்கு ஹீட்டர் போடுகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் பாவிக்கும் அதே வாயுதானே? சிலர் பலூனில் உறிஞ்சுகிறார்களே. (பெயர் வேண்டாம் என்றவர்)

அதே வாயுதான், பல் வைத்தியத்துக்கும் மயக்கத்துக்கும் பாவிப்பது. காருக்கு விற்பதில் உறிஞ்சாமல் இருக்கக் கந்தக டையொக்சைட் கலப்பதும் உண்டு. தொடர்ந்து உறிஞ்சினால் உடலில் விட்டமின் பி12 செயலிழந்து நரம்பு கெடும், கால் மரத்து நடக்க முடியாமல் போகும். சுத்தமான நைட்ரஸை நேராக இழுத்தால் ஒட்சிசன் இல்லாமல் உயிரே போகலாம். உங்களுக்குத் தெரிந்த பையன் யாராவது இதில் இருந்தால், வெட்கப்படாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். இதை மிகவும் வருத்தத்தோடு சொல்கிறேன்.

மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஓட ஆசை. டர்போவா, நைட்ரஸா? (நுவரெலியா)

1934-இலிருந்து வரும் போட்டி அது, ஏப்ரல் சீசனில் நம் ஊருக்கே திருவிழா மாதிரி. உங்கள் வகுப்புக்கு எது அனுமதி என்பதை அமைப்பாளர்களின் விதிப்புத்தகத்தில் முதலில் பாருங்கள். அனுமதி இருந்தாலும் முதல் வருடம் இருக்கிற இன்ஜினோடே ஓடுங்கள். காசை டயர், பிரேக், சஸ்பென்ஷன், ரோல் கேஜ் (கார் உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு), ஹெல்மெட்டில் போடுங்கள். அதற்கு அடுத்த வருடம் டர்போ. உயரத்தில் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், அதனால் கொஞ்சம் பெரிதாகத் தேர்ந்தெடுத்து, டியூனிங்கை இங்கேயே, இந்த உயரத்திலேயே செய்யுங்கள்.

டர்போ இருந்தால் இறக்கத்திலும் இன்ஜின் பிரேக் கூடுதலாகப் பிடிக்குமா? (ரம்பொடை)

பிடிக்காது. இன்ஜின் பிரேக் என்பது அக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிப்பது. அந்த நேரத்தில் டர்போவுக்குப் புகை இல்லை, வேலையும் இல்லை. பெரிய இன்ஜினை எடுத்துவிட்டு சின்ன டர்போ இன்ஜின் வாங்கியவர்களுக்கு இறக்கத்தில் பிடிமானம் முன்பை விடக் குறைவாகவே இருக்கும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதை விட ஒரு கியர் குறைத்து இறங்கிப் பழகுங்கள். பிரேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.