சாளை (மத்தி மீன்) விலை ஏறும் மாசத்தில் என்ன சமைப்பது?

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்தால் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. மாமியார், இரண்டு பிள்ளைகள் சேர்த்து ஐந்து பேர். ரேஷன் அரிசியும் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்குமாகத்தான் ஓடுகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ரத்தம் குறைவு என்று பள்ளிக்கூடத்துப் பரிசோதனையில் சொன்னார்கள். மாதுளம்பழமும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள் அக்கம்பக்கத்தில். எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, களியக்காவிளை

பதில்: தங்கச்சி, மாதுளைக்கும் டப்பாவுக்கும் காசைக் கொட்ட வேண்டாம். மாதுளையில் நிறம்தான் சிவப்பு, இரும்புச்சத்து கொஞ்சமே. அந்தக் காசில் காணமும் (கொள்ளு) சிறுபயறும் வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் குறைவது பருப்பு, பயறுதான். ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை ஐந்து பேருக்கு ஒரு மாசத்துக்குப் பிரித்துப் பாருங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 கிராம்கூட வராது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன கணக்கில் பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம் வேண்டும். அரிசியைக் கொஞ்சம் குறைத்தாலும் சரி, பயறைக் கூட்டுங்கள்.

மரச்சீனி முழுக்க மாவுதான். அதனால்தான் நம் ஊரில் அதற்குச் சாளைக் குழம்பு வைத்தார்கள். ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை. வெட்டு நிற்கும் அதே மழையில் மீன் விலையும் ஏறிவிடும். அந்த இரண்டு மாசமும் மரச்சீனியை நிறையத் தண்ணீரில் வேகவிட்டு, தண்ணீரை வடித்துக் கொட்டி, அவித்த சிறுபயறும் தேங்காய்த் துருவலும் சேர்த்து மசித்துக் கொடுங்கள். வாரம் ஒரு நாள் சக்கக்கொட்டை (பலாக்கொட்டை) போட்டு, தேங்காய் வறுத்தரைத்து ஒரு தீயல் குழம்பு வையுங்கள், பிள்ளைகளுக்கு அலுக்காது. தடை முடிந்து சாளை மலிந்ததும் விடாதீர்கள். சின்னச் சாளையை முள் மெத்தென்று ஆகும்வரை புளியில் வேகவைத்தால் முள்ளோடு சாப்பிடலாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான்.

காணத் துவையலை எப்படியும் செய்து பாருங்கள். வெறும் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். மணம் எழுந்து காணம் சிவந்து வரும்போது இறக்கிவிடுங்கள், கருகினால் கசக்கும். நாலு வற்றல்மிளகாய், பூண்டு, கொஞ்சம் தேங்காய், துளி புளி வைத்து கொரகொரப்பாக அரைத்தால் இரவுக் கஞ்சிக்கு வேறொன்றும் வேண்டாம்.

கீரை தினமும் வேண்டும். வேலியில் முருங்கை இருக்கும்தானே? ஆடியில் முருங்கை இலை ஆகாது என்று மாமியார் சொன்னால் அவரோடு வாதாட வேண்டாம். கேரளத்துக்காரர்கள் கர்க்கடகத்தில், அதாவது அதே ஆடியில், பத்து வகை இலை பறித்துச் சாப்பிடுவார்கள். அதேபோலத் தகரை, பூசணி இலை, பயற்று இலை என்று மாற்றி மாற்றித் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்) வையுங்கள். சோற்றோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் கீரையிலும் காணத்திலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே சாயா மட்டும் கூடவே கூடாது, அது சேரவிடாது. ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

மகள் படிப்பது அரசுப் பள்ளியா? அப்படியானால் மதியச் சாப்பாட்டையும் முட்டையையும் விடவே கூடாது. நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். ஏழு, எட்டாம் வகுப்புக்கு வந்ததும் பெண் பிள்ளைகள் கூச்சப்பட்டுத் தட்டெடுக்க வராமல் போவார்கள். வளரும் வயசில், தீட்டு தொடங்கும் வயசில், அந்த முட்டை அவர்களுக்குத்தான் வேண்டும். மகளிடம் நீங்களே பேசுங்கள்.

அப்புறம், குறைந்த ரத்தம் சாப்பாட்டால் மட்டும் சீக்கிரம் ஏறாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் பூச்சி மாத்திரையும் காசில்லாமல் தருவார்கள். இரும்புச்சத்து மாத்திரை தின்றால் மலம் கறுத்துப் போகும், அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.