கேரவன் வேனில் பேட்டரியிலிருந்து போன், லேப்டாப்பை நேரடியாகச் சார்ஜ் செய்வது எப்படி?

நேரடி சார்ஜிங் என்றால், 12 வோல்ட் பேட்டரி மின்சாரத்தை இன்வெர்ட்டர் வழியாக 230 வோல்ட்டாக ஏற்றாமல், யுஎஸ்பி சாக்கெட்டிலேயே போனுக்கு வேண்டிய வோல்ட்டுக்கு மாற்றிக் கொடுப்பது. இன்வெர்ட்டர் ஏற்றுகிறது, சார்ஜர் மறுபடி இறக்குகிறது; இரண்டு இடத்திலும் மின்சாரம் சூடாகி வீணாகும். மதுரையில் மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் போக, ஊருக்கு வெளியே இருக்கும் திருமங்கலம் சுற்றிப் போவது மாதிரி.

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் கை வைக்காதீர்கள். தனி பேட்டரியிலிருந்து எடுங்கள். 65 வாட் டைப்-சி, 18 வாட் யுஎஸ்பி இரண்டும் சேர்ந்து ஓடினால் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். 5 மீட்டர் தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போடுங்கள். மெல்லிய வயரில் வோல்ட் இறங்கி லேப்டாப் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சாக்கெட் பக்கம் வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது, தீப்பிடிக்கும். நெகட்டிவ் வயரையும் பேட்டரி வரை இழுப்பதே நல்லது. ராமேஸ்வரம் பக்கம் அடிக்கடி போகும் வண்டியில் உப்புக்காற்று பாடி எர்த்தை, அதாவது நெகட்டிவ் வயருக்குப் பதில் வண்டியின் இரும்பு பாடியில் கொடுக்கும் இணைப்பை, அரித்துவிடும்.

100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதி, அதாவது சுமார் 600 வாட்-அவர் வரை எடுக்கலாம். 5000 எம்ஏஎச் போன் ஒருமுறை நிறைய, இழப்பும் சேர்த்து 25 வாட்-அவர் போதும். சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்ச் வையுங்கள், சும்மா இருக்கும்போதும் அது கொஞ்சம் இழுக்கும். சித்திரை வெயிலில் டேஷ்போர்டு மேல் போனை வைத்தால் சூட்டில் சார்ஜ் தானே நின்றுவிடும், வயரிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

ஆம்பியர் கூடிய சாக்கெட் போனை எரித்துவிடும் என்று பலர் நினைப்பது தவறு: போன் தனக்கு வேண்டிய அளவு மட்டுமே இழுக்கும்.