மைன்கிராஃப்டில் டிராகனைக் கொன்றாகிவிட்டது. இனி எதற்காக விளையாடுவது?

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் இறுதி எதிரியான டிராகன் வீழ்ந்துவிட்டது, வைரக் கவசம் இருக்கிறது, பெட்டிகள் நிரம்பி வழிகின்றன, ஆனாலும் உலகத்தைத் திறந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் மூடிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் என்ன இலக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

இலக்கைத் தேடுவதை விட்டுவிட்டு, உங்களுக்கு நீங்களே ஒரு தடை விதித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். ஒரே ஒரு தடை போதும். இலக்குகள் அதன் பின்னால் வரிசையாக வந்து நிற்கும்.

முதலில் டிராகனைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த விளையாட்டு 2009 மே மாதத்தில் பொதுமக்கள் கைக்கு வந்தது. டிராகன் சேர்க்கப்பட்டதோ 2011 நவம்பரில், 1.0 பதிப்பில். இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளும் முடிவு என்று ஒன்று இல்லாமலேயே மக்கள் இதில் மூழ்கிக் கிடந்தார்கள். இன்றும் டிராகனைக் கொன்று வாசலுக்குள் நுழைந்தால் ஒரு நீண்ட உரை ஓடுகிறது. அது முடிந்ததும் பழைய உலகத்துக்கே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே நீங்கள் எதையும் முடித்துவிடவில்லை. உங்களிடம் எல்லாம் இருப்பதுதான் இப்போதைய சிக்கல்.

நான் விளையாடும் உலகத்தில் முதன்மையான விதி நீரைப் பற்றியது. இரண்டுக்கு இரண்டு அளவில் குழி தோண்டி, எதிரெதிர் மூலைகளில் மூலைக்கொரு வாளி நீர் ஊற்றினால் அது வற்றாத கிணறாகிவிடும். இந்த வித்தை தெரிந்த நாளிலிருந்து நீருக்கு மதிப்பே கிடையாது. மலை உச்சியிலும் கோதுமை விளையும், பாலைவனத்திலும் கரும்பு வளரும். அதனால் நான் வைத்துக்கொண்ட விதி: நீரை வாளியில் மொண்டு இன்னோர் இடத்தில் ஊற்றக் கூடாது. நீர் தானாக ஓடித்தான் வந்து சேர வேண்டும்.

இந்த ஒரு வரி என் உலகத்தையே மாற்றிப்போட்டது. சமதரையில் நீர் ஊற்றிலிருந்து ஏழு பிளாக் (உலகம் முழுதும் ஆகியிருக்கும் கனசதுரக் கட்டை) தொலைவு ஓடி நின்றுவிடும். அங்கே ஒரு படி கீழே இறக்கிவிட்டால் மறுபடி ஏழு பிளாக் ஓடும். ஆக, மலைச்சரிவில் வயலைவிட 30 பிளாக் உயரத்தில் ஓர் ஊற்று இருந்தால் அந்த வாய்க்காலை ஏறத்தாழ 210 பிளாக் தொலைவு வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் ஒரு சாண்கூட நகராது. எனவே வீடு கட்டுவதற்கு முன்பு ஊற்று தேட வேண்டியிருந்தது. ஊற்றைக் கண்டுபிடித்த பிறகு மட்டம் பார்க்க வேண்டியிருந்தது. வழியில் ஒரு பள்ளத்தாக்கு குறுக்கிட்டது. தூண்களை எழுப்பி அதன்மேல் வாய்க்காலைக் கொண்டுபோனேன். தூண்களுக்குக் கல் வேண்டும் என்பதால் கல்குவாரி வந்தது, குவாரிக்குப் பாதை வந்தது. வாய்க்காலின் இருபுறமும் நான்கு பிளாக் வரைதான் மண் ஈரமாகும்; ஆகவே வயல்கள் குறுகிய பட்டைகளாக நீண்டு கிடக்கின்றன. நீர் எட்டும் நிலத்தில் ஓரடியையும் வீணாக்க மனம் வராததால் வீடுகள் எல்லாம் மேட்டுக்கு ஏறிவிட்டன. இப்படி ஓர் ஊர் வேண்டும் என்று நான் ஒருபோதும் திட்டமிட்டதில்லை. வாய்க்கால் போன பக்கம் ஊர் போனது.

இரண்டாவது விதி, படுக்கையில் உறங்கி இரவைத் தாண்டக் கூடாது என்பது. இங்கே ஒரு முழு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். பலருக்கு அதன் இரவுப் பாதி கண்ணிலேயே படுவதில்லை, இருட்டியதும் படுத்துவிடுகிறார்கள். உறங்காமல் மூன்று நாள் கடந்தால் ஃபான்டம் என்ற பறக்கும் பேய்கள் வரத் தொடங்கும். ஆனால் திறந்த வானத்தின் கீழே நிற்பவரைத் தேடித்தான் அவை தோன்றும். அதனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கூரை வேய்ந்த நடைபாதைகள் இருக்கின்றன. இரவில் உலை வேலை, சுரங்க வேலை, பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. பகலில் வயல், பாதை, வாய்க்கால். அந்த உலகத்தில் ஒரு பொழுது என்பதே இந்த விதிக்குப் பிறகுதான் எனக்குப் புலப்பட்டது.

“எங்கள் ஊர்” என்று சொல்வதற்குக் காரணம், என் அக்கா மகனும் அதில் இருக்கிறான். அவனுடைய விதி வேறு: எந்த உயிரையும் கொல்ல மாட்டான். “மாமா, உங்களுக்கு வேண்டுமானால் ஜாம்பியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டான். வாளைத் தூக்காததால் அவன் வேலி, கதவு, விளக்கு ஆகியவற்றில் தேர்ந்துவிட்டான். ஊரின் தெருவிளக்குகள் முழுவதும் அவன் வைத்தவை.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கர்ட் ஜே மேக் என்ற பெயரில் விளையாடுபவரைத் தேடிப் பாருங்கள். பழைய பதிப்புகளில் உலகத்தின் மையத்திலிருந்து ஒன்றேகால் கோடி பிளாக் தாண்டினால் நிலத்தை உருவாக்கும் கணக்கு உடைந்து, தரை ராட்சதச் சுவராக எழுந்து நிற்கும். ஃபார் லேண்ட்ஸ் என்பது அதன் பெயர். 2011 மார்ச்சில் அதை நோக்கி அவர் நடக்கத் தொடங்கினார். அதே ஆண்டு வந்த பீட்டா 1.8 பதிப்பு அந்தப் பிழையைத் திருத்திவிட்டது. அவரோ அதற்கு முந்தைய பதிப்பிலேயே தங்கி ஆண்டுக்கணக்காக நடந்தார், மருத்துவமனைக் குழந்தைகளுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கு வழிநெடுக நிதியும் திரட்டினார். குறுக்கு வழியில் போய்ச் சேர்ந்திருக்க முடியும். நடந்துதான் போவது என்ற தடைதான் அந்தப் பயணத்தைப் பயணமாக்கியது.

தொழிற்சாலை கட்டும் ஃபேக்டோரியோ என்ற விளையாட்டை உருவாக்கியவர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள். கையால் 111 பொருட்களுக்கு மேல் செய்யாமல் விளையாட்டை முடிப்பவருக்கு அதில் ஒரு பட்டம் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டோடு விளையாடினால் முதல் மணி நேரத்திலிருந்தே எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைக்கப் பழக வேண்டியிருக்கும்.

விளையாடுபவர்களைச் சாதிப்பவர், தேடுபவர், பழகுபவர், தாக்குபவர் என நான்காகப் பிரித்து விளையாட்டு ஆய்வாளர் ரிச்சர்ட் பார்ட்டில் 1996-இல் எழுதினார். பல பேர் சேர்ந்து ஆடும் உலகங்களை ஆராய அது பயன்படும். ஆனால் ‘நான் எந்த வகை’ என்று யோசித்து உங்கள் வழியைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். நான் வாரத்தின் நடுவில் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை வேறொருவன். விதி மட்டும் மாறுவதில்லை.

விதியைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். அது நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை ஒன்றைத் தொட வேண்டும்; ஆண்டுக்கொருமுறை குறுக்கிடும் தடையால் எதுவும் மாறாது. மீறினோமா இல்லையா என்பது சந்தேகமில்லாமல் தெரியவும் வேண்டும். ‘அழகாகக் கட்டுவேன்’ என்பது ஆசை. ‘இந்தத் தீவில் கிடைக்கும் பொருளை வைத்தே கட்டுவேன்’ என்பது விதி.

பழைய உலகத்தை அழித்துவிடாதீர்கள். கவசம், வாள், உணவு எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிட்டு, கணினிக்கான ஜாவா பதிப்பு என்றால் எஃப்3 விசையை அழுத்தி வீட்டின் ஆயத்தொலைவுகளைக் குறித்துக்கொண்டு, வெறுங்கையோடு ஏதாவது ஒரு திசையில் இரண்டாயிரம் பிளாக் நடந்துபோங்கள். என் நீர் விதியை எடுத்துக்கொள்வதாக இருந்தால், இருட்டுவதற்குள் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்துவிடுங்கள். மலைச்சரிவில் பாறையின் நடுவிலிருந்து வழிவதைப் பாருங்கள்; ஆற்றுநீர் தாழ்வாக இருப்பதால் வாய்க்காலுக்கு உதவாது.