2^67 − 1: எக்செல் போட்ட ஆறு சுழி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சுக் கணிதர் மெர்சென் 1644-இல் பகா எண் என்று சொன்ன 2^67 − 1-ஐ, அமெரிக்கக் கணிதர் கோல் 1903-இல் 193707721 × 761838257287 என்று உடைத்ததாக எழுதியிருந்தீர்கள். எக்செல்லில் பெருக்கினேன், 147573952589676000000 வருகிறது. இரண்டு ஒற்றைப்படை எண்களைப் பெருக்கினால் கடைசியில் சுழி எப்படி வரும்? அச்சுப்பிழையா?

க.

அன்புள்ள க.,

காரணிகள் சரிதான். எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், மிச்ச இடத்தில் சுழியைப் போட்டுவிடும். உள்ளே வைத்துக்கொள்வதும் 53 பிட் (இரும இலக்கம்) அளவுக்குத்தான். 2^67-க்குக் கீழே அது அறிந்த அடுத்த எண் 16384 தள்ளி இருக்கிறது. ஆகவே உங்கள் விடை 2^67 என்றே பதிவாகியிருக்கும். அதிலிருந்து 2^67-ஐக் கழித்தால் −1 வராது, 0 வரும். செல்லை டெக்ஸ்ட்டாக மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது. உண்மை விடை 147573952589676412927.

அச்சுப்பிழையைப் பிடிக்க வேறு வழி உண்டு. 67 பகா எண். 2^67 − 1-ஐ ஒரு பகா எண் வகுத்தால், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, அந்தக் காரணியில் 1 குறைத்தால் 67-ஆல் வகுபடும். காரணி ஒற்றைப்படை, 1 குறைத்தால் இரட்டைப்படை என்பதால் 134-ஆலும் வகுபடும். 193707720 ÷ 134 = 1445580. 761838257286 ÷ 134 = 5685360129. இரண்டிலும் மீதி இல்லை. ஒரே ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

193707721-ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க 21 இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம். மீதிகளை மட்டும் கொண்டுபோனால் போதும்.

2^33 = 8589934592. இதை 193707721-ஆல் வகுத்தால் ஈவு 44, மீதி 66794868.

மீதியை வர்க்கமாக்கி மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 2^66-க்கான மீதி கிடைக்கும். வர்க்கம் 4461554391137424. இதில் 16 இலக்கம் இருப்பதால் எக்செல் கடைசி 4-ஐ விழுங்கிவிடும், தாளில் போடுங்கள். ஈவு 23032403, மீதி 96853861.

இரட்டிப்பாக்கினால் 193707722, அதாவது மீதி 1. எனவே 2^67 − 1 மீதியின்றி வகுபடுகிறது.

சரிபார்ப்பது இவ்வளவு சுலபம், கண்டுபிடிப்பதுதான் மலை. பிரெஞ்சுக் கணிதர் லூகா 1876-லேயே இது பகா எண் அல்ல என்று காட்டிவிட்டார், ஆனால் ஒரு காரணியும் அவர் கையில் இல்லை. 134-இன் மடங்கோடு 1 சேர்ந்த எண்களில், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருபவை மட்டுமே காரணியாக முடியும். அப்படிப் பாதியைக் கழித்த பிறகும் 193707721-ஐ எட்டும் வரை 722790 எண்கள் நிற்கின்றன. 3, 5, 7-இன் மடங்குகளைத் தள்ளினாலும் கையால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கிற எண்ணிக்கை அல்ல அது. கோலைப் பற்றிப் பேசுபவர்கள் பலர், கூட்டத்தில் அவர் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிய கதையோடு நின்றுவிடுகிறார்கள்.

முழுப் பெருக்கலையும் பார்க்க ஆசையென்றால் பைத்தான் நிரல்மொழியில் போடுங்கள், முழு எண்ணை அது வெட்டாது. வகுக்கும்போது மட்டும் / போடாதீர்கள், தசமத்துக்குத் தாவி அதே கோளாறு வரும். // போடுங்கள்.