அப்பாவின் இதயத்துக்குச் சீன மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் பினாங்கில் இருக்கிறோம். அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதத்துக்கு முன் பெரிய மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். போன வாரம் எடுத்த எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 35 சதவீதம் என்று வந்தது. ஆஸ்பிரின், டிகாகிரெலோர், அடோர்வாஸ்டேட்டின், பிசோப்ரோலால், சாகுபிட்ரில்-வால்சார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன், டாபாகிளிஃபுளோசின் என்று ஒரு டப்பா நிறைய மாத்திரை. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தோங்ஷின்லுவோ என்ற காப்ஸ்யூலைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறார். அமெரிக்க மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறதாம். ஆன்ட்டி தான்ஷென் வேர் போட்டுக் கொதிக்கவைத்த சூப் கொண்டுவந்து தருகிறார். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. சீன மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாமா? உடம்பு தேறினால் இங்கிலீஷ் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. குறைக்கக் கூடாது. ஒரு நாள்கூட. ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினும் டிகாகிரெலோரும் சேர்ந்துதான் அந்தக் கம்பிச்சுருளுக்குள் ரத்தம் உறைந்துவிடாமல் காக்கின்றன. மாரடைப்புக்குப் பிறகு இந்த இரண்டையும் பொதுவாக ஓர் ஆண்டு கொடுப்போம். நடுவில் நிறுத்தினால், ஸ்டென்ட் அடைத்துத் திடீரென்று இன்னொரு மாரடைப்பு வரலாம். மற்ற மாத்திரைகளில் நான்கு, பலவீனமான இதயம் மேலும் பலவீனமாகாமல் தடுப்பவை. அப்பா நன்றாக நடமாடுகிறார் என்றால் அது இந்த மருந்துகள் வேலை செய்வதால்தான். தேறிவிட்டார், இனி வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

சரி, இப்போது சீன மருந்துக்கு வருவோம். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. தோங்ஷின்லுவோ பற்றிய ஆய்வு 2023 அக்டோபரில் 'ஜாமா' இதழில் வந்தது. பெய்ஜிங் ஃபூவாய் மருத்துவமனையின் யாங் யூஜின் தலைமையில் சீனாவில் 124 மருத்துவமனைகளில் நடந்தது. 3,777 நோயாளிகள். எல்லோருக்கும் உங்கள் அப்பாவுக்கு வந்தது போன்ற பெரிய மாரடைப்பு. பாதிப்பேருக்கு உண்மையான காப்ஸ்யூல், பாதிப்பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்றுக் காப்ஸ்யூல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 30 நாளில் இதய நோயால் மரணம், மறுபடியும் மாரடைப்பு, பக்கவாதம், அவசரமாக இன்னொரு முறை அடைப்பு நீக்குவது ஆகிய எல்லாம் சேர்த்து வெற்றுக் காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களில் 5.2 சதவீதத்தினருக்கும், மருந்து சாப்பிட்டவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும் வந்தன. ஓராண்டில் அது 8.3-க்கு 5.3. அதாவது நூறு பேர் ஓராண்டு சாப்பிட்டால் சுமார் மூன்று பேருக்குப் பெரிய பாதிப்பு தவிர்கிறது. சின்ன விஷயமல்ல. ஆனால் ஓராண்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்களைக் கூட்டிப் பார்த்தால், இரு குழுக்களுக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் கிடைக்கவில்லை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அந்த 3,777 பேரில் யாருக்கும் வழக்கமான மாரடைப்பு சிகிச்சையை நிறுத்தவில்லை. ஸ்டென்ட், ஆஸ்பிரின், ஸ்டேட்டின் என்று எல்லாம் நடந்துகொண்டே இருக்க, மேலே ஒரு மருந்தாகத்தான் இதைச் சேர்த்தார்கள். ஆகவே 'இதைச் சாப்பிட்டால் அதை விடலாம்' என்பதற்கு இந்த ஆய்வில் ஒரு வரி ஆதாரம்கூட இல்லை. இன்னொன்று, மருந்தை ஆரம்பித்த நேரம். நெஞ்சுவலி வந்து 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு, அங்கேயே கூடுதல் அளவில் முதல் வேளையைக் கொடுத்துத் தொடங்கினார்கள். ஆரம்ப நாட்களில்தான் ரத்த ஓட்டம் திரும்பியும் இதயத் தசையின் நுண்ணிய குழாய்கள் அடைபட்டுக் கிடக்கும். இந்த மருந்து அந்தக் குழாய்களைக் காக்கும் என்பதுதான் ஆய்வாளர்களின் எண்ணம். உங்கள் அப்பாவுக்கு மூன்று மாதம் கடந்துவிட்டது. இப்போது தொடங்கினால் அதே பலன் வரும் என்று இந்த ஆய்வை வைத்து யாரும் சொல்ல முடியாது. அதனால் தோங்ஷின்லுவோவை இப்போது வாங்கிக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், நம் வீடுகளில் இது முக்கியம். அந்தக் காப்ஸ்யூலில் ஜின்செங், சந்தனம், குந்திரிக்கம், பச்சைக் கற்பூர வகை ஆகியவற்றோடு அட்டை, தேள், பூரான், சில்வண்டு உரித்த தோல், கரப்பான் இனப் பூச்சி ஒன்று இவையும் இருக்கின்றன. அப்பா சைவம் என்றால் அவருக்குத் தெரியாமல் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் அப்பாவின் நிலைமைக்கு உண்மையில் நெருக்கமானது வேறொரு ஆய்வு. சிலிச்சியாங்ஷின் என்ற காப்ஸ்யூல், பதினொரு மூலிகைகள் சேர்ந்தது. இதய பம்பிங் 40 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த 3,110 பேரிடம், சீனாவிலும் ஹாங்காங்கிலுமாக 133 மருத்துவமனைகளில் சோதித்து 2024-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். சராசரியாக ஒன்றரை ஆண்டு கவனித்ததில், இதயச் செயலிழப்புக்காக (இதயம் பலவீனமாகி, போதுமான ரத்தத்தை அனுப்ப முடியாத நிலை) மருத்துவமனையில் சேர்வது அல்லது இதய நோயால் இறப்பது வெற்றுக் காப்ஸ்யூல் குழுவில் 30 சதவீதம், மருந்துக் குழுவில் 25 சதவீதம். நல்ல முடிவு. எனக்கு இதைப் படித்தபோது சந்தோஷமாகவே இருந்தது. மூலிகை மருந்தை இவ்வளவு கறாராகச் சோதிப்பது நம் துறைக்கே நல்லது.

ஆனால் உங்கள் அப்பா இப்போது சாப்பிடும் டாபாகிளிஃபுளோசின் வகை மருந்து அந்த ஆய்வில் மிகச் சிலருக்கே கிடைத்தது. ஆய்வு தொடங்கிய காலத்தில் அது இதயச் செயலிழப்புக்கு வழக்கமான மருந்தாக ஆகியிருக்கவில்லை. இன்றைய நான்கு மருந்துகளையும் முழுசாகச் சாப்பிடும் ஒருவருக்கு இந்தக் காப்ஸ்யூல் எவ்வளவு கூடுதலாக உதவும் என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். அப்புறம், அந்தப் பதினொரு மூலிகைகளில் ஒன்று ஃபூஸி. அது நம் சித்த மருத்துவத்தில் சுத்தி செய்து மட்டுமே பயன்படுத்தும் வச்சநாபியின் இனம். பக்குவம் செய்யாவிட்டால் இதயத்துடிப்பையே தாறுமாறாக்கிவிடும். சீனாவிலும் பதப்படுத்திய ஃபூஸியைத்தான் சேர்க்கிறார்கள். இன்னொரு மூலிகைப் பட்டையில், டிகாக்சின் என்ற இதய மாத்திரையைப் போலவே செயல்படும் பொருட்கள் உள்ளன. டிகாக்சின் சாப்பிடும் யாராவது இதையும் சேர்த்துக்கொண்டால் அளவு மிஞ்சிப்போகலாம். தரமான கம்பெனிக் காப்ஸ்யூலுக்கும், யாரோ கட்டிக்கொடுக்கும் பொட்டலத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பெரிதாகிறது.

"சீன ஆய்வுகளை நம்பலாமா?" என்று என்னிடம் பலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1998-ல் சில ஆய்வாளர்கள் நாடுவாரியாக எடுத்துப் பார்த்தபோது, சீனாவிலிருந்து வந்த அக்குபங்சர் ஆய்வுகள் எல்லாமே 'பலன் உண்டு' என்றே முடிந்திருந்தன. நிஜ உலகில் அப்படி நடக்காது. ஆனால் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது. மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு ஒரு சீன மூலிகைக் கலவையைக் கொடுத்து 1,648 பேரிடம் சீனாவிலேயே சோதித்தார்கள். பலன் இல்லை என்று 2024-ல் 'லான்செட்' இதழில் அவர்களே வெளியிட்டார்கள். எனக்கு இந்த ஆய்வாளர்கள் மேல் மரியாதை கூடியது அதனால்தான். அதற்கு முன்னால், சிங்கப்பூர் டாக்டர்கள் தலைமையில் நியூரோஎய்ட் என்ற சீன மருந்தைப் பக்கவாத நோயாளிகள் 1,100 பேரிடம் சோதித்தார்கள். மலேசியா, இலங்கை மருத்துவமனைகளும் அதில் சேர்ந்திருந்தன. 2013-ல் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. எனவே ஒரு சீன மருந்து ஜெயித்தால் எல்லாச் சீன மருந்தும் நல்லது என்றோ, ஒன்று தோற்றால் எல்லாமே வீண் என்றோ ஆகாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சரியாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ரத்தப் புற்றுநோயில் இருக்கிறது. 1970-களில் ஹார்பின் நகரத்தில் ஜாங் திங்தோங் என்ற டாக்டரும் சகாக்களும், ஆர்செனிக், பாதரச உப்பு, தேரை விஷம் மூன்றும் கலந்த ஒரு நாட்டு மருந்தை ஆராய்ந்தார்கள். மூன்றில் வேலை செய்தது ஆர்செனிக்தான் என்று கண்டு, மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள். இன்று ஒரு குறிப்பிட்ட வகை ரத்தப் புற்றுநோய்க்கு, வைட்டமின் ஏ சார்ந்த ஒரு மருந்தோடு ஆர்செனிக் ட்ரையாக்சைடு சேர்த்துக் கொடுப்பது உலகம் முழுவதும் முதல் வரிசைச் சிகிச்சை. 2013-ல் வந்த ஐரோப்பிய ஆய்வில், இப்படிச் சேர்த்துக் கொடுத்தவர்களில் இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் 97 சதவீதம். ஆர்செனிக்குக்குப் பதில் கீமோதெரபி சேர்த்த குழுவில் 86. நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், விலை உயர்ந்த மற்ற மருந்துகளை வாங்க முடியாத நோயாளிகளுக்கு ஆர்செனிக்கை மட்டும் கொடுத்து நல்ல பலன் கண்டு 2006-ல் வெளியிட்டார்கள். கலவையைப் பிரித்து, எது மருந்து, எது வெறும் விஷம் என்று பார்த்து, அளவைக் குறித்து, பக்கவிளைவை எழுதி வைத்ததால் வந்த வெற்றி அது.

இனி அந்தத் தான்ஷென் சூப். இதை நிறுத்தச் சொல்லுங்கள். மனசு நோகாமல் சொல்லுங்கள், ஆன்ட்டி அன்பில்தான் கொண்டுவருகிறார். ஆனால் தான்ஷென் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும் தன்மை உடையது. அப்பா ஏற்கெனவே அதே வேலையைச் செய்யும் இரண்டு மருந்து சாப்பிடுகிறார். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தான்ஷென் சேர்ந்து ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போன சம்பவங்கள் 1990-களிலேயே ஹாங்காங்கிலிருந்து மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. செயற்கை இதய வால்வு வைத்திருக்கும் வாசகர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சூப்பில் எத்தனை துண்டு வேர், எவ்வளவு நேரம் கொதித்தது என்பது தினமும் மாறும். அதற்கேற்ப மாத்திரையின் அளவைச் சரிசெய்ய எந்த டாக்டராலும் முடியாது. சீனக் கஷாயங்கள் பலவற்றில் அதிமதுரமும் சேர்ப்பார்கள். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். பம்பிங் 35 இருப்பவருக்கு அதுவே கால் வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் போதும்.

மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்ற எண்ணத்துக்கு பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கும் மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த இன்னொன்று கலந்துவிட்டது. அது ஆரிஸ்டோலோக்கியா இனம். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, பலருக்கு டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் தேவைப்பட்டன, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் வந்தது. நம்மூர் ஈஸ்வரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் அதே இனம்தான். ஆகவே இது சீனர்களுக்கு மட்டுமான எச்சரிக்கை அல்ல.

அப்படியென்றால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? அடுத்த முறை இதய டாக்டரிடம் போகும்போது மாத்திரை டப்பாவோடு, வீட்டில் இருக்கும் எல்லாச் சீன மருந்துப் பொட்டலங்களையும் பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு போங்கள். திட்டுவார் என்று மறைக்காதீர்கள். இதுவரை அப்பா எத்தனை நாள் அந்தச் சூப்பைக் குடித்தார் என்றும் சொல்லுங்கள். பொட்டாசியம், கிரியேட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்பா சாப்பிடும் வால்சார்ட்டானும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை என்பதால், மூலிகை எதுவும் சேர்க்காவிட்டாலும் அந்தச் சோதனை அவசியம். சிலிச்சியாங்ஷின் பற்றிப் பேச வேண்டுமென்றால் தாராளமாகக் கேளுங்கள். நான்கு மருந்துகளும் அப்பா தாங்கக்கூடிய முழு அளவுக்கு வந்து, சில மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுத்த பிறகு, டாக்டர் ஒப்புக்கொண்டால் மட்டும் யோசிக்கலாம். மலேசியாவில் வாங்குவதானால் டப்பாவில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணின் முடிவில் 'டி' (T) இருந்தால் அது பாரம்பரிய மருந்துப் பட்டியலில் பதிவானது. அந்தப் பதிவு தரத்தையும் பாதுகாப்பையும்தான் பார்க்கும். நோயைக் குணமாக்குமா என்பதை அது சோதிப்பதில்லை. மெடிக்கல் ஹால் எனப்படும் சீன மருந்துக் கடையில் அரைத்துக் கட்டிக்கொடுக்கும் பொடி வேண்டவே வேண்டாம்.

மாத்திரைகள் அதிகம் என்ற அப்பாவின் சலிப்பையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வேளைகளைச் சேர்த்து எளிதாக்க வழி இருக்கலாம். அதற்குள் மலம் கறுப்பாகப் போனாலோ, பல் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மயக்கமோ படபடப்போ வந்தாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நெஞ்சுவலி என்றால் உடனே 999-க்குக் கூப்பிடுங்கள்.